மஸ்கெட் காலப் படை விளையாட்டு: கட்டளையை இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள்

மஸ்கெட் என்ற பழைய நீளத் துப்பாக்கிக் காலத்துப் போர் விளையாட்டை இணையத்தில் குழுவாக ஆடும்போது, குரல் அரட்டையில் "திரும்பு" என்று ஒரே சொல்லாகக் கத்தினால் வரிசை சிதறத்தான் செய்யும். அந்தக் காலப் படைகள் செய்ததையே நாமும் செய்யலாம். முதலில் எச்சரிக்கைப் பகுதி, ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் செயல் பகுதி. "கம்பெனி, வலப்பக்கம்..." என்று நீட்டிச் சொல்லி நிறுத்துங்கள் (கம்பெனி என்பது உங்கள் படைப்பிரிவு). எல்லோர் காதிலும் விழுந்த பிறகு "திரும்பு!" என்று சட்டென்று வெட்டிச் சொல்லுங்கள். இணையத் தாமதம் இருந்தாலும் அந்த இடைவெளி அதை விழுங்கிவிடும்.

சுடுவதற்கும் இதே முறைதான்: "மேக் ரெடி" (தயாராகு), "பிரசன்ட்" (குறி வை), "ஃபயர்" (சுடு). பிரசன்ட் சொன்னதும் அவசரப்படாதீர்கள். குறி பார்க்க நேரம் வேண்டும். வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட் 100 கஜத்துக்கு அப்பால் குறி தவறும். அதனால் நெருங்கும்வரை பொறுத்திருப்பதே பெரிய பலம்.

நகர்வதற்கு நெடுவரிசை, சுடுவதற்கு அகல வரிசை. நெப்போலியன் காலத்தில் பிரிட்டிஷார் பெரும்பாலும் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையாக நின்றார்கள். பிரெஞ்சு விதிப்படி மூன்று. ஆள் குறைவான குழுவுக்கு இரண்டே போதும் என்பது என் கருத்து. எல்லாத் துப்பாக்கியும் பேசும்.

வரிசை அப்படியே சுழன்று திரும்பும் 'வீல்'தான் எல்லோரையும் படுத்தி எடுக்கும். உள்முனையில் இருப்பவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்ப வேண்டும், வெளிமுனைக்காரர் முழு வேகத்தில் நடக்க வேண்டும், நடுவில் உள்ளவர்கள் பக்கத்து ஆளின் தோளைப் பார்த்தே வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

குதிரைப்படை வந்தால் நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் சதுரம். பீரங்கி தெரிந்தால் சதுரத்தை உடனே கலைத்துவிடுங்கள், நெருக்கமாக நிற்பது பீரங்கிக்குத்தான் வசதி.