தித்தி கெராவாங்: வளைவோரத்து அருவிக்குப் போகிறவர்களுக்கு

என் பேரனுக்கு அருவி என்றால் சிங்கப்பூர் சாங்கி விமான நிலைய ஜுவல் கட்டடத்தில் இருப்பதுதான். கூரையிலிருந்து 40 மீட்டர் கொட்டும், இரவானால் வண்ண விளக்கு. மலேசியாவின் பினாங்கில் தித்தி கெராவாங் அருவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், "தாத்தா, லைட் ஷோ எத்தனை மணிக்கு?" என்கிறான்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உயரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாலையோரப் பாறைகளில் வழுக்கி இறங்கும் அருவி இது. குடிநீருக்காகக் குழாயில் ஒரு பங்கை எடுத்துவிடுவதால், மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் நூலாக இளைத்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் நிறையும். டுரியான் பழமும் வேண்டுமென்றால் ஜூன், ஜூலை. நான் டுரியான் கட்சி.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது வேண்டாம்.

அருவி, தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் இருக்கிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து 101 பேருந்தில் தெலுக் பஹாங், அங்கே மாறி 501. ஆனால் 501 அடிக்கடி வராது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவனே சொல்கிறேன், இதற்கு வாடகைக் கார்தான் சரி.

நம் சிங்கப்பூரில் மலை என்பது பெயருக்குத்தான். மிக உயரமான புக்கிட் தீமாவே சுமார் 164 மீட்டர். இங்கே வளைவுக்குமேல் வளைவு. இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதீர்கள். ஆட்டோ கியர் என்றாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றி, இன்ஜினே வண்டியை இழுத்துப்பிடிக்க விடுங்கள். ஞாயிறு காலையில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருவார்கள், முந்த அவசரப்பட வேண்டாம்.

அருவியைக் கண்டதும் அங்கேயே நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். "ஒரே ஒரு படம்" என்று நான் வளைவில் நிறுத்திய அன்று, பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில் என் மனைவி பாலிக் புலாவ் வரும்வரை என்னோடு பேசவில்லை. வளைவைத் தாண்டி, அகலமான ஓரம் கிடைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடந்து வாருங்கள்.

ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொண்டு பாறையில் ஏறாதீர்கள், பாசி. அப்புறம், திடீர் வெள்ளத்தை மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்பார்கள், தண்ணீரின் தலை என்று பொருள். நமக்கு வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பையைக்கூட எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள்.

அந்தச் சாலையில் பழக்கடைகள் உண்டு. டுரியானுக்குக் கிலோ விலையை முதலில் கேளுங்கள், உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள், அப்புறம் வெட்டட்டும். அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள், அதன் வாடைக்கு விடுதியில் உள்ளே விடமாட்டார்கள். ஜாதிக்காய்ச் சாறும் கிடைக்கும். பேரன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து என்னிடம் நீட்டிவிட்டான். என் பங்கோடு சேர்த்து அதையும் நானே குடித்தேன்.