ஸ்பெயினில் விடுமுறை வீடு: எத்தனை நாள் தங்கலாம், எப்படிக் கணக்கிடுவது?

அலிகாந்தே பக்கம் கடலோரத்தில் ஒரு வீடு வாங்கிவிட்டீர்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. சொத்து வரியும் மின்கட்டணமும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்துதான் போகின்றன. ஆனாலும் அந்த வீட்டில் விசா இல்லாமல் தொடர்ந்து 91-ஆவது நாள் தங்கினால், நீங்கள் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். வீடு வாங்கும்போது விற்பனை முகவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. அதனால் முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக, அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

படி 1: உங்கள் பாஸ்போர்ட் எது என்று பாருங்கள்

எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தால், 2020 டிசம்பர் 31 வரை நீங்கள் ஸ்பெயினில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனைப் போலவே இருக்க முடிந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிரெக்ஸிட் காரணமாக நீங்கள் வெளிநாட்டவர். குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம், ஆனால் நாள் கணக்கு உண்டு. லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் இந்த வகையில்தான் வருவார்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் குறுகிய பயணத்துக்கே ஷெங்கன் விசா (தங்களுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. முந்தைய 3 ஆண்டுகளில் இரண்டு விசாக்களை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டு விசாவும், அப்புறம் 5 ஆண்டு விசாவும் கிடைக்க வழி திறந்தது. ஆனால் 5 ஆண்டு விசா என்றால் 5 ஆண்டு தங்கலாம் என்று அர்த்தமில்லை. அத்தனை ஆண்டுகளும் திரும்பத் திரும்பப் போய் வரலாம், அவ்வளவுதான். கீழே சொல்லப்போகும் நாள் வரம்பு அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வீட்டில் யாராவது ஒருவரிடம் பிரெஞ்சு, ஜெர்மன், ஐரிஷ் போன்ற ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இருந்தால் நிலைமையே வேறு. பாரிஸிலும் லண்டனிலும் சொந்தங்கள் பிரிந்து வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கணவர் பிரெஞ்சுக் குடிமகன், மனைவி பிரிட்டிஷ் குடிமகள் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 90 நாள் வரம்பே கிடையாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் ஸ்பெயினில் பதிவு செய்ய வேண்டும். அவரோடு சேர்ந்து அங்கே வாழப் போகும் மனைவிக்கும், ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தவர் என்ற முறையில் குடியிருப்பு அட்டை கேட்க உரிமை உண்டு. இப்படி ஒரு பாஸ்போர்ட் குடும்பத்தில் இருந்தால், 5-ஆம் படியில் வரும் பெரிய விசா வேலை எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

படி 2: வீடு வேறு, தங்கும் அனுமதி வேறு

ஸ்பெயினில் வீடு வாங்க என்.ஐ.இ. என்ற எண் வேண்டும். இது வெளிநாட்டவருக்கான அடையாள எண் மட்டுமே. பத்திரப்பதிவு, வங்கிக் கணக்கு, வரி எல்லாவற்றுக்கும் இது உதவும், குடியிருப்பு அனுமதியாக மட்டும் உதவாது. எண் கையில் வந்ததும் ‘நான் இப்போது ஸ்பெயின்வாசி’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் வீட்டைக் காட்டியே அனுமதி வாங்க முடிந்தது. 2013-இல் வந்த சட்டத்தின்படி 5 லட்சம் யூரோவுக்கோ அதற்கு மேலோ சொத்து வாங்கியவர்களுக்கு ‘கோல்டன் விசா’ கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு புதிய விண்ணப்பங்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. போர்ச்சுகல் அதற்கும் முன்பே, 2023 அக்டோபரில், சொத்து வழியை நிறுத்திவிட்டது. கிரீஸில் இன்னும் உண்டு. ஆனால் ஏதென்ஸ், தெசலோனிகி, சான்டோரினி போன்ற இடங்களில் 8 லட்சம் யூரோவுக்கு வாங்க வேண்டும். ஸ்பெயினில் இன்றைக்கு யாராவது ‘வீடு வாங்குங்கள், விசா தானாக வரும்’ என்று சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படி 3: 90/180 கணக்கைப் போடுங்கள்

விதி சொல்வது இவ்வளவுதான்: எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் பகுதிக்குள் இருந்திருக்கக் கூடாது.

‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதிதாகத் தொடங்கும்’ என்று நினைப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். அப்படித் தொடங்குவதே இல்லை. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ண வேண்டும். நாள் நகர நகர அந்த 180 நாட்களும் கூடவே நகரும்.

எண்ணும்போது இவற்றை மறக்காதீர்கள்:

- போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே முழு நாட்கள். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள்.
- ஸ்பெயினில் மட்டும் இருந்த நாட்கள் என்று எண்ணாதீர்கள். ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளுக்கும் ஒரே கணக்கு. பாரிஸில் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போன 4 நாட்களும் இதில் சேரும்.
- அயர்லாந்திலும் சைப்ரஸிலும் இருந்த நாட்கள் சேராது. அவை ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை.
- நீண்டகால விசாவிலோ குடியிருப்பு அனுமதியிலோ தங்கிய நாட்கள் இந்த 90-இல் சேராது.

முதலில் எளிய உதாரணம். 2026 ஜனவரி 1 அன்று போகிறீர்கள், மார்ச் 31 அன்று கிளம்புகிறீர்கள். 31 + 28 + 31, சரியாக 90. அடுத்து எப்போது வரலாம்? ஜூன் 30 அன்று பின்னோக்கி எண்ணினால் 180 நாட்கள் ஜனவரி 2-இல் முடியும். ஜனவரி 1 கணக்கிலிருந்து கழன்றுவிட்டது. பழைய 89, புதிய 1, மொத்தம் 90. ஆகவே ஜூன் 30 வரலாம், ஜூன் 29 வரக் கூடாது. அதன்பின் தினமும் ஒரு பழைய நாள் கழன்று ஒரு புதிய நாள் சேரும். செப்டம்பர் 27 வரை தங்கலாம்.

உண்மையில் யாரும் இப்படி ஒரே மூச்சில் போவதில்லை. விட்டு விட்டுத்தான் போவார்கள். அதற்கும் ஒன்று பார்ப்போம்.

பிப்ரவரி 10 முதல் மார்ச் 11 வரை 30 நாட்கள். மே மாதம் முழுக்க 31 நாட்கள். ஆக 61. ஜூலை 1 அன்று மறுபடி போனால் மிச்சம் 29 நாட்கள்தான், ஜூலை 29-இல் கிளம்பியாக வேண்டும். அதே ஆள் ஜூலையை விட்டுவிட்டு ஆகஸ்ட் 9 அன்று போனால்? அன்றுதான் பிப்ரவரி 10 கணக்கிலிருந்து கழல்கிறது. அடுத்த 30 நாட்களும் தினம் ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போகும். கூட்டிப் பார்த்தால் அக்டோபர் 6 வரை, அதாவது 59 நாட்கள் தங்கலாம். பயணத்தை ஐந்தரை வாரம் தள்ளிப்போட்டதற்கு இருமடங்கு நாட்கள்! டிக்கெட் போடுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கையால் எண்ணிப் பழகியபின், ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் இலவசக் கணிப்பானில் தேதிகளைப் போட்டுச் சரிபாருங்கள். கணிப்பானை மட்டுமே நம்புவதைவிட, ஏன் அந்த எண் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நோட்டில் போன தேதி, வந்த தேதி இரண்டையும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். கணவன் மனைவி இருவரின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

படி 4: எல்லையில் தயாராக இருங்கள்

முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள், அதிகாரி விரலை மடக்கி எண்ணுவார். இப்போது கணினி எண்ணுகிறது. இ.இ.எஸ். எனப்படும் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைகளுக்கும் படிப்படியாகக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். முதல்முறை உங்கள் முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கியிருந்தாலும் திரையில் தெரிந்துவிடும். ஸ்பெயின் சட்டத்தில் இதற்கு 501 முதல் 10,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நுழைவுத் தடைகூட வரலாம்.

பாஸ்போர்ட்டிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நீங்கள் நுழையும் நாளில், அது வழங்கப்பட்டு 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளில் பழையதின் மிச்ச மாதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் முடிவுத் தேதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கைப்பையில் வீட்டுப் பத்திர நகல் அல்லது சமீபத்திய மின்கட்டண ரசீது, திரும்பும் டிக்கெட், பயணக் காப்பீடு, வங்கி அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் அந்த ரசீதே பதில்.

படி 5: 90 நாள் போதவில்லையா?

ஸ்பெயினில் முக்கியமான வழி, வேலை செய்யாதவர்களுக்கான குடியிருப்பு விசா. ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் போவார்கள். ‘இப்ரெம்’ என்ற அரசு வருமான அளவுகோலின் 400 சதவீதம் காட்ட வேண்டும். மாதம் 600 யூரோ என்று இருந்த அளவில் இது ஆண்டுக்கு 28,800 யூரோ. கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னும் 7,200. தனியார் மருத்துவக் காப்பீடு, குற்றப்பின்னணி இல்லை என்ற சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், இவற்றுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. விண்ணப்பம் நீங்கள் வசிக்கும் நாட்டில் உள்ள ஸ்பெயின் தூதரகத்தில். சொந்த வீடு இருப்பது தங்குமிடச் சான்றாக உதவும், வருமானத்துக்கு ஈடாகாது. போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் டி.ஐ.இ. எனப்படும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும்.

என் கருத்து: ஆண்டுக்கு ஐந்து மாதம் மட்டும் தங்க நினைப்பவருக்கு இந்த விசா அளவுக்கு மீறியது. அங்கேயே குடியேற நினைப்பவருக்கானது இது.

பிரான்ஸ் இதில் மேல். 4 முதல் 6 மாதம் தங்குவதற்கென்றே தற்காலிக நீண்டகால விசா அங்கே இருக்கிறது. கட்டணம் 99 யூரோ. அது முடிந்ததும் உங்கள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், தனியாகக் குடியிருப்பு அட்டை எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் வீட்டுக்காரர்களுக்குத் தானாகவே நீண்டகால விசா தர 2023-இல் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தோடு போதிய தொடர்பில்லாத பிரிவு என்று 2024 ஜனவரி 25 அன்று அரசியலமைப்பு மன்றம் அதை நீக்கிவிட்டது. எனவே அங்கேயும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். வீடு இன்னும் வாங்கவில்லை, குளிர்காலம் முழுக்கத் தங்கும் ஆசை இருக்கிறது என்றால், எந்த நாடு என்று முடிவு செய்யும் முன் இந்த வித்தியாசத்தை எடைபோடுங்கள்.

படி 6: வரி நாட்களைத் தனியாக எண்ணுங்கள்

விசாவுக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் நீங்கள் அங்கே வரி செலுத்தும் குடியிருப்பாளர். உலகெங்கும் வரும் வருமானத்தை அங்கே காட்ட வேண்டும்.

மேலே பார்த்த முதல் உதாரணத்துக்கே திரும்பப் போங்கள். மார்ச் வரை 90, செப்டம்பர் 27 வரை 90. அடுத்து டிசம்பர் 27 அன்று மறுபடி நுழையலாம். ஆண்டு முடிய 5 நாட்கள். மொத்தம் 185! விசா விதியை ஒரு நாள்கூட மீறவில்லை, ஆனால் வரி வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அந்தப் புத்தாண்டுப் பயணத்தை ஜனவரிக்குத் தள்ளினால் 180-இல் நின்றுவிடும்.

183-க்குள் இருந்தாலும், வீட்டை வாடகைக்கே விடாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு வரி உண்டு. அரசுப் பதிவேட்டில் உள்ள வீட்டு மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதத்தை வருமானமாகப் பாவித்து, ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களிடம் அதில் 24 சதவீதம் வாங்குவார்கள். பதிவு மதிப்பு 80,000 யூரோ, விகிதம் 1.1 என்றால் பாவிக்கப்படும் வருமானம் 880, வரி 211.20 யூரோ. ‘மாதிரி 210’ என்ற படிவத்தில், அடுத்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் கட்ட வேண்டும். வீடு இருவர் பெயரில் இருந்தால் இருவரும் தனித்தனியே படிவம் கொடுக்க வேண்டும்.