மார்த்தாண்டத்து லேப் ரிப்போர்ட் ஆசாரிப்பள்ளத்திலும் புரிய வேண்டுமானால்

குமரி மாவட்டம் குலசேகரத்தில் இருக்கும் ஒரு சர்க்கரை நோயாளி மார்த்தாண்டத்தில் ரத்தம் கொடுக்கிறார், தக்கலையில் மாத்திரை வாங்குகிறார், சிறுநீரகத்தில் சிக்கல் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறார். போகிற இடமெல்லாம் கணினி இருக்கிறது. ஆனாலும் அதே டெஸ்டுக்கு மறுபடி ஊசி குத்துகிறார்கள். ஒரு இடத்துப் பதிவு அடுத்த இடத்தின் மென்பொருளுக்குப் புரியாததே காரணம். சிறு மருத்துவமனையும் லேபும் இதைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கான வழிமுறை இது.

மென்பொருள் நிறுவனத்தை அழைப்பதற்கு முன்பே முக்கால் வேலையை முடித்துவிடலாம். அதைச் செய்ய வேண்டியவர் புரோகிராமர் அல்ல, லேப் டெக்னீஷியன்.

முதலில் டெஸ்ட் பட்டியல்

கடந்த மூன்று மாதத்தில் செய்த டெஸ்டுகளின் பெயர்களை எண்ணிக்கையோடு எக்செல்லில் எடுத்து, அதிகம் செய்தது மேலே வரும்படி அடுக்குங்கள். முதல் நாற்பது வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், மிச்சம் பிறகு. ஒவ்வொரு வரிக்கும் உங்கள் லேபில் வழங்கும் பெயர், லாயிங்க் குறியீடு, மாதிரி வகை, அலகு, செய்முறை, இயல்பு வரம்பு ஆகியவற்றை நிரப்புங்கள். லாயிங்க் என்பது பரிசோதனைகளுக்கான உலகப் பொதுக் குறியீடு. அதைப் பயன்படுத்தக் கட்டணமில்லை.

அதிகம் தவறுவது சர்க்கரையில்தான். ‘சுகர்’ என்று ஒரே பெயரில் கிடப்பது உண்மையில் நான்கு டெஸ்ட். வெறும் வயிற்றில் எடுத்த சீரம் அல்லது பிளாஸ்மா குளுக்கோஸ் 1558-6. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது 1521-4. நேரம் குறிக்காமல் எடுத்தது 2345-7. விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தது 41653-7. நான்கையும் 2345-7 என்றே அனுப்பினால், பெறும் மருத்துவமனையின் திரையில் ஒரே கோட்டில் ஏறி இறங்கும் வரைபடம் வரும். அதைப் பார்க்கும் டாக்டர் மருந்து சரியில்லை என்று நினைத்து அளவைக் கூட்டக்கூடும். எந்த நிலையில் எடுத்த மாதிரி என்று தெரியாத பழைய பதிவுகளுக்கு மட்டும் 2345-7 போடுங்கள். ஊகித்து ‘வெறும் வயிறு’ ஆக்காதீர்கள்.

அடுத்தது அலகு. எண்ணும் அலகும் மென்பொருளில் தனித்தனிப் புலத்தில், அதாவது தனித்தனிப் பெட்டியில், இருக்க வேண்டும். அலகை எழுத யுசியுஎம் என்ற பொது முறை உண்டு. ஹீமோகுளோபினுக்கு (718-7) நம் லேப்களில் ‘கிராம் சதவீதம்’ என்று போடும் பழக்கம் உண்டு. ‘ஜி/டிஎல்’ என்று மாற்றினால் எண் மாறாது. கிரியாட்டினின் (2160-0) அப்படியல்ல: 1.1 எம்ஜி/டிஎல் என்பதும் 97 மைக்ரோமோல்/லிட்டர் என்பதும் ஒன்றே. அலகு விடுபட்டால் எது எதுவென்று சொல்ல முடியாது.

பிளேட்லெட் (777-3) விஷயத்தில் உயிராபத்தே உண்டு. டெங்கு காலத்தில் டெக்னீஷியன் ‘1.2’ என்று அடிப்பார், மனதில் இருப்பது லட்சம். மென்பொருளில் அலகு ‘10*3/யுஎல்’, அதாவது ஆயிரத்தில், என்று அமைந்திருந்தால் 1,20,000 பிளேட்லெட் 1,200 ஆகப் போய்ச் சேரும். லட்சக் கணக்கில் பதிந்த எண்ணை அனுப்பும்போது நூறால் பெருக்கி 120 ஆக்கும் விதியைப் பட்டியலிலேயே எழுதிவையுங்கள். ‘0.01-க்குக் கீழ்’ போன்ற முடிவில் அந்த ‘கீழ்’ குறிக்கும் தனிப் புலம் உண்டு. எண்ணோடு ஒட்டி எழுதினால் எதிர்முனை அதை வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

நோயின் பெயருக்கு ஸ்னோமெட் சிடி என்ற பொதுக் குறியீடு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 44054006, உயர் ரத்த அழுத்தம் 38341003. இந்தியா இதில் உறுப்பு நாடு என்பதால் இங்கே இலவசம்.

ஆள் யார் என்பது

ஒரே ஆள் ஒரு இடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடும் இன்னொரு இடத்தில் முழுப்பெயரோடும் வீட்டுப்பெயரோடும் பதிவாகியிருப்பார். பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. செல்போன் எண்ணும் உதவாது, ஒரு வீட்டுக்கே ஒரு எண் என்பது சாதாரணம். மத்திய அரசின் சுகாதார அடையாளமான 14 இலக்க ஆபா எண்ணையும் உங்கள் ஓபி எண்ணையும் தனித்தனி அடையாளங்களாக, யார் கொடுத்தது என்ற குறிப்போடு சேமியுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசுப் பதிவில் கொடுக்கும் பிக்மி எண்ணும் அப்படியே, மூன்றாவதாக.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து மருத்துவமனைகள் ஒன்றை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பல பெண்களின் ஆதாரில் கணவரின் செல்போன் எண் இருக்கும். அவர் ஆழ்கடலில் இருந்தால் ஆபாவுக்கான ஓடிபி கைக்கு வராது. ஆபா கட்டாயமல்ல. ஓபி எண்ணோடு சிகிச்சையைத் தொடங்குங்கள், இணைப்பைப் பிறகு செய்யலாம். ஓடிபி வரவில்லை என்று யாரையும் கவுண்டரில் நிறுத்திவைப்பது தவறு.

பிறந்த தேதி தெரியாத முதியவருக்கு 1962-01-01 என்று பொய்த் தேதி போடும் வழக்கத்தை விடுங்கள். மருத்துவப் பதிவுகளைப் பரிமாறுவதற்கான பொது வடிவமான ஃபயர் தரத்தில் ‘1962’ என்று ஆண்டை மட்டும் எழுத இடமுண்டு.

பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் அனுப்பினால் நோயாளியின் பெயர் அடுத்த முனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இணைப்பு

மருத்துவமனையை நாடளாவிய வசதிப் பதிவேட்டிலும் டாக்டர்களை மருத்துவப் பணியாளர் பதிவேட்டிலும் பதிந்துவிட்டு, ஆபாவை நடத்தும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் சோதனைத் தளத்தில் தொடங்குங்கள். மூன்று கட்டம்: ஆபா உருவாக்கிச் சரிபார்ப்பது, பதிவுகளை இணைத்து அனுப்புவது, பிறர் பதிவைச் சம்மதத்தோடு பெறுவது. பதிவுகள் உங்களிடமேதான் இருக்கும், மையத்தில் குவிவதில்லை.

அனுப்பும் பொதி (பண்டில்) எச்எல்7 அமைப்பின் ஃபயர் தரத்தின் நான்காம் பதிப்பில் அமைய வேண்டும். பண்டிலில் முதல் உறுப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் காம்போசிஷன். அதன் பின் பேஷண்ட், டயக்னோஸ்டிக் ரிப்போர்ட், ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு அப்சர்வேஷன். ரிப்போர்ட்டின் பிடிஎஃபை மட்டும் அனுப்பவும் வழி உண்டு. பழைய காகிதங்களுக்கு அது போதும். புது ரிப்போர்ட்டுகளுக்கும் அதையே செய்துவிட்டு ‘இணைத்தாயிற்று’ என்று சொல்லும் நிறுவனத்துக்கு முழுத்தொகை கொடுக்காதீர்கள். பிடிஎஃபிலிருந்து கிரியாட்டினின் போக்கை மென்பொருள் நம்பகமாகக் கணக்கிடுவது கடினம்.

நேரத்தோடு +05:30 போக வேண்டும். சில மென்பொருள்கள் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டு, பெறும் இடத்தில் தேதியை மட்டும் வெட்டி எடுக்கும். நள்ளிரவு முதல் காலை ஐந்தரைக்குள் பிறந்த குழந்தைக்கு முந்தைய நாள் பிறந்த தேதியாகிவிடும்.

திருத்திய ரிப்போர்ட்டைப் புது எண்ணில் அனுப்பினால் தவறானதும் சரியானதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதே அடையாள எண்ணில், நிலையை ‘திருத்தப்பட்டது’ என்று மாற்றி அனுப்புங்கள். கரண்டோ நெட்டோ போய்த் திரும்ப அனுப்பும்போதும் இதே எண்தான்.

நிஜ இணைப்புக்கு மாறுவதற்கு முன் எச்எல்7 சோதனைக் கருவியில் பொதியை ஓட்டிப் பிழை எல்லாம் தீருங்கள். கருவி அமைப்பைத்தான் பார்க்கும். 1,200 பிளேட்லெட்டை அது தடுக்காது. எனவே பெயர் நீக்கிய பத்துப் பழைய ரிப்போர்ட்டுகளைச் சோதனைத் தளம் வழியே இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பி, அங்குள்ள டாக்டர் திரையில் தெரிவதை வாசிக்க, நீங்கள் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்று லட்சத்தில் பதிந்த பிளேட்லெட்டாகவும், ஒன்று குளுக்கோமீட்டர் அளவாகவும், ஒன்று அதிகாலை நான்கு மணி மாதிரியாகவும் இருக்கட்டும். கடைசியாக ஒரு சம்மதத்தை ரத்து செய்துவிட்டு அதே பதிவை மறுபடி கேட்டுப் பாருங்கள், எதுவும் போகக்கூடாது.