ஷெப்பர்ட்ஸ் பை: மசாலாத்தூள் இல்லாமல் மணக்கும் கொத்துக்கறி, மேலே உருளைக்கிழங்கு மசியல்

ஷெப்பர்ட்ஸ் பையில் மிளகாய்த்தூள் கிடையாது, மல்லித்தூள் கிடையாது, இஞ்சி பூண்டு விழுதும் கிடையாது. கொத்துக்கறியை இப்படிச் சமைத்தால் கவிச்சி அடிக்காதா என்று வீட்டில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அடிக்காது. இந்த உணவின் ருசி முழுக்கச் சிவக்க வைப்பதில் இருக்கிறது. கறி சிவக்க வேண்டும், வெங்காயமும் தக்காளி விழுதும் சிவக்க வேண்டும், கடைசியில் மேலே பரப்பிய கிழங்கும் சிவக்க வேண்டும். இந்த மூன்றையும் அவசரப்படாமல் செய்தால் போதும். ஒன்றைத் தாண்டிப் போனாலும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி சப்பென்று ஆகிவிடும்.

பை என்று பேர் இருந்தாலும் மாவு பிசைகிற வேலையே இல்லை. கீழே குழம்புப் பதத்தில் ஆட்டுக்கறி, மேலே வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஓவனுக்குள் போகிறது. ஆட்டுக்கறி போட்டால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி போட்டால் காட்டேஜ் பை என்று இன்று பிரித்துச் சொல்கிறார்கள். முன்பு அந்தக் கறார் கிடையாது. காட்டேஜ் பை என்ற பேச்சு 1791-லேயே ஜேம்ஸ் உட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நாட்குறிப்பில் வருகிறது. ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயர் 1850-களில்தான் சமையல் புத்தகங்களில் தென்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓவனில் சுட்ட பெரிய கறித்துண்டில் மிச்சம் இருப்பதைத் திங்கட்கிழமை பொடியாக நறுக்கி, கிழங்கு மூடி, மறுபடி சுட்டு வீட்டில் எல்லோருக்கும் பரிமாறுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் பச்சைக் கொத்துக்கறியில்தான் செய்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

என்னென்ன வேண்டும்

நான்கு பேருக்கு இந்த அளவு சரியாக இருக்கும்.

கறிக்கு: ஆட்டுக் கொத்துக்கறி 500 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, பூண்டு 2 பல், தக்காளி விழுது 1 மேசைக்கரண்டி, மைதா 1 மேசைக்கரண்டி, கறி வேகவைத்த தண்ணீர் அல்லது ஸ்டாக் 400 மில்லி, வூஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி, தைம் 2 கொத்து (காய்ந்தது என்றால் 1 டீஸ்பூன்), பே இலை 1, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள்.

மசியலுக்கு: உருளைக்கிழங்கு 1 கிலோ, வெண்ணெய் 60 கிராம், பால் 100 மில்லி, முட்டை மஞ்சள் கரு 1 (விருப்பம்தான்), உப்பு.

இதில் சிலதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பே இலை என்பது நம் பிரியாணி இலை இல்லை. பிரியாணி இலையில் பட்டை வாசம் தூக்கலாக இருக்கும், இங்கே அது பொருந்தாது. பே இலை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். செலரி கிடைக்காவிட்டால் கேரட்டை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். தைம் என்கிற மணமூலிகை மட்டும் கட்டாயம் வேண்டும். காய்ந்த தைம் பெரிய கடைகளில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும்.

வூஸ்டர் சாஸைப் பார்த்து மிரள வேண்டாம். லீ அண்ட் பெரின்ஸ் கம்பெனி 1837-லிருந்து விற்கிற அந்தச் சாஸில் வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி வகை மீன் இதோடு நம்முடைய புளியும் சேர்கிறது. பாட்டிலில் பொருள்கள் பட்டியலைப் படித்தால் புளி என்று அச்சிட்டே இருக்கும். கறியின் கொழுப்பைத் தூக்கி நிறுத்துகிற புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. இது கிடைக்காவிட்டால் ஒரு டீஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசலும் ஒரு சிட்டிகை வெல்லமும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிழங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெந்ததும் மாவாக உதிர்கிற கிழங்கு வேண்டும். இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்று கேட்டு வாங்குவார்கள். நம் கடைகளில் ரகம் பார்த்து வாங்குவது கஷ்டம். தோல் மெல்லியதாக விரலால் தேய்த்தாலே உரிகிற புதுக் கிழங்கை விட்டுவிட்டு, தோல் காய்ந்து கெட்டியான பழைய கிழங்காக எடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் கலந்து கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து அதிகம், மசிக்க ஏற்றது. மிதந்தால் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கறியைச் சிவக்க வறுப்பது

இந்தச் செய்முறையில் அதிகப் பொறுமை கேட்பது இதுதான். நம் ஊரில் கொத்துக்கறியைக் கழுவாமல் சமைக்க மனசு வராது. சரி, கழுவுங்கள். ஆனால் கழுவியபின் வடிகட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, சுத்தமான துணியில் போட்டு இறுக்கிப் பிழிந்துவிடுங்கள். கறியில் ஈரம் இருக்கும் வரை அது சிவக்காது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது, கறி சிவந்து மணம் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரக் கறி வாணலியில் வேகும், வறுபடாது.

இருப்பதிலேயே அகலமான வாணலியை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள். பாதிக் கறியை மட்டும் போட்டு, கரண்டியால் அழுத்திப் பரப்பி, அப்படியே விடுங்கள். கிளறக் கூடாது. முழுக் கறியையும் ஒன்றாகக் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் கொதிக்க ஆரம்பித்துவிடும். சட் சட்டென்று வெடிக்கிற சத்தம் அடங்கி, அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறம் வந்தபிறகு திருப்பிப் போட்டு உதிர்த்துவிடுங்கள். நல்ல தீயில் நான்கு ஐந்து நிமிடம் ஆகும். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு மிச்சக் கறியையும் அதேபோல் வறுங்கள்.

இங்கிலாந்தில் விற்கும் லாம் (இளம் செம்மறியாடு) கொத்துக்கறியில் கொழுப்பு அதிகம். வறுத்தபின் தேங்கி நிற்கும் கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிட வேண்டும். நம் வெள்ளாட்டுக் கறியில் அந்தப் பிரச்சினை இருக்காது, எண்ணெய்தான் கொஞ்சம் கூட ஊற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது: காய்களும் குழம்பும்

அதே வாணலியில், கழுவாமல், பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் போட்டுக் கொஞ்சம் உப்புச் சேர்த்து மிதமான தீயில் வதக்குங்கள். பத்து நிமிடமாவது ஆகட்டும். வெங்காயம் ஓரங்களில் பொன்னிறமானதும் பூண்டை நசுக்கிப் போடுங்கள். அப்புறம் தக்காளி விழுது. அதைப் போட்ட உடனே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் வதக்கினால் பளீர் சிவப்பு மாறிச் செங்கல் நிறத்துக்கு வரும், பச்சை வாசனையும் போகும். பிறகு மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள்.

இப்போது ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்கரண்டியால் வாணலி அடியைச் சுரண்டுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவுதான் உங்கள் மசாலா. அது முழுக்கக் குழம்பில் கரைய வேண்டும். வறுத்த கறி, வூஸ்டர் சாஸ், தைம், பே இலை, அரை டீஸ்பூன் மிளகுத்தூள் சேர்த்து, மூடாமல் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். ஸ்டாக் கட்டி பயன்படுத்தினால் அதிலேயே உப்பு இருக்கும், கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

லாம் கறிக்கு அரை மணி நேரம் போதும். வெள்ளாட்டுக் கறி மெத்தென்று வேக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் வற்றினால் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். குக்கரில் மூன்று விசில் விட்டாலும் தப்பில்லை, ஆனால் திறந்தபின் வாணலியில் ஊற்றிச் சுண்டவைத்தே ஆகவேண்டும். பதம் எப்படித் தெரியும்? மரக்கரண்டியால் வாணலி நடுவில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு ஓரிரு நொடி அப்படியே நின்று பிறகு மூடினால் சரி. உடனே மூடினால் இன்னும் நீர்த்திருக்கிறது. குழம்பு நீர்த்திருந்தால் மசியல் அதற்குள் மூழ்கிவிடும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டாணியைக் கலந்து, ஓவன் பாத்திரத்தில் பரப்பி ஆறவிடுங்கள். சுமார் இரண்டு லிட்டர் கொள்ளும் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் போதும். ஆறியபின் மேலே லேசான ஆடை மாதிரி படியும், கிழங்கைத் தாங்குவது அதுதான்.

மசியல்

கறி கொதிக்கிற நேரத்திலேயே இதை ஆரம்பித்துவிடலாம். கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவு பெரிய துண்டுகளாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்புச் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்து உள்ளே வேகாமல் இருக்கும். கொதி வந்தபின் பதினைந்து முதல் இருபது நிமிடம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் திரும்பப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஆவி குபுகுபுவென்று போகும். இப்படி ஈரம் போனால்தான் வெண்ணெயை இழுக்கும், ஓவனில் மேல்பக்கம் முறுகும்.

சூடாக இருக்கும்போதே பருப்பு மத்தால் மசியுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். மிக்ஸி பிளேடு கிழங்கின் செல்களை உடைத்து மாவுச்சத்தை வெளியே கொண்டுவந்துவிடும், பிறகு பசை காய்ச்சினது போல இழுபடும். கட்டி இல்லாமல் வேண்டும் என்றால் பெரிய கண் சல்லடையில் தேய்த்து எடுங்கள்.

முதலில் வெண்ணெய், அப்புறம்தான் பால். வெண்ணெய் முன்னால் போனால் மாவுச்சத்தைச் சுற்றிப் படிந்துகொள்ளும், மசியல் வழுவழுப்பாக வரும். பாலைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், சில கிழங்குக்கு 100 மில்லி முழுக்கத் தேவைப்படாது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மெதுவாக விழ வேண்டும், வழியக் கூடாது. சாப்பிடத் தனியாகச் செய்கிற மசியலைவிடக் கெட்டியாக இருப்பதே நல்லது. மஞ்சள் கருவைக் கலந்தால் நிறமும் பிடிப்பும் கூடும். உப்பை இந்த இடத்தில் கட்டாயம் ருசி பாருங்கள். கிழங்கு நிறைய உப்பு கேட்கும்.

மூடுவதும் சுடுவதும்

ஓவனை 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்குங்கள். ஃபேன் உள்ள ஓவன் என்றால் 180.

மசியலை நடுவில் கொட்டிப் பரப்பாதீர்கள். ஸ்பூனால் சிறு சிறு உருண்டைகளாக எடுத்து முதலில் ஓரம் முழுக்க வைத்து, பாத்திரத்தின் விளிம்போடு ஒட்டி அடைத்துவிடுங்கள். அப்புறம் நடுவை நிரப்பிச் சமன் செய்யுங்கள். ஓரம் அடைபட்டிருந்தால் குழம்பு பொங்கி மேலே ஏறாது. பிறகு முள்கரண்டியால் மேல்பக்கம் முழுக்க வரிவரியாகக் கீறுங்கள். அழகுக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. மேடாக நிற்கும் வரிகள்தான் முதலில் காய்ந்து முறுகிச் சிவக்கும். அங்கங்கே வெண்ணெய்த் துளி வையுங்கள். செடார் சீஸ் தூவுகிறவர்களும் உண்டு. நான் தூவுவதில்லை. சீஸ் போட்டால் அந்த முறுகல் கிழங்கின் வாசம் அடங்கிவிடுகிறது.

கீழ்த்தட்டில் ஒரு ட்ரே வைத்து, நடுத்தட்டில் பாத்திரத்தை வைத்து 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். ஓரங்களில் குழம்பு குமிழ்விட்டு, மேலே வரிகள் நல்ல பழுப்பாக வந்திருக்க வேண்டும். நிறம் போதவில்லை என்றால் கடைசி மூன்று நான்கு நிமிடம் கிரில்லில் வைத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஓடிஜியிலும் கிரில் உள்ள மைக்ரோவேவிலும் இதே வேலை நடக்கும். மேல்சூடு இல்லாத அடுப்பில் மட்டும் இது முடியாது.

எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆறினால் குழம்பு இறுகி, பெரிய கரண்டியால் எடுக்கும்போது இரண்டு அடுக்கும் சேர்ந்து வரும். வேகவைத்த பீன்ஸோ முட்டைகோஸோ பக்கத்தில் வைத்தால் போதும்.

பச்சை மிளகாயும் கரம் மசாலாவும் போடலாமா என்றால், முதல் தடவை வேண்டாம் என்பேன். கறியும் தைமும் வெண்ணெயும் மட்டும் சேர்ந்தால் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை பிடித்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் காரமில்லாமல் ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாகவும் சுட்டுக் கொடுக்கலாம்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், இரண்டு நாள் நன்றாக இருக்கும். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும் வரை ஒரே ஒரு முறை சூடுபடுத்துங்கள். மொத்தமாகச் செய்து வைக்க நினைத்தால், மசியல் பரப்பிய நிலையில் சுடாமலே ஃபிரீசரில் மூன்று மாதம் வரை வைக்கலாம். முந்தைய நாள் இரவே எடுத்துக் கீழே ஃபிரிட்ஜில் வைத்து உருகவிட்டு, அதன்பின் ஓவனில் வைக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.