ஈபி டிபார்ட்மென்ட்ல பிசிசியன் அசிஸ்டென்டா சேரப் போறீங்களா? லேப்புக்கு வெளியில இருக்கற சோலியை மொதல்ல கத்துக்கங்க

பிஎஸ்சி பிசிசியன் அசிஸ்டென்ட் முடிச்சுட்டு கோயமுத்தூர் பக்கம் கார்டியாலஜிக்கு வர்ற பசங்க பொண்ணுங்க நெறைய பேரு, எலக்ட்ரோபிசியாலஜி அதாவது ஈபி-ன்னா (இதயத்துல ஓடற கரன்டு, ரிதம் கோளாறைப் பாக்கற பிரிவு) ஏப்ரனை மாட்டிக்கிட்டு பெரிய ஸ்கிரீன்ல கலர் கலரா மேப் பாக்கறதுன்னு நெனைச்சுட்டு வர்றாங்க. அந்த மேப்பை பெரும்பாலும் கம்பெனி ஆளு ஓட்டுவாரு, ரெக்கார்டிங்கை டெக்னீசியன் பாத்துக்குவாரு, அப்லேஷனை, அதாவது கோளாறு பண்ற எடத்தை உள்ள ஒயர் விட்டு சுடறதை, டாக்டர் பண்ணுவாரு. அப்ப நமக்கென்ன சோலின்னா லேப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கறது பூராவும்தான். கேஸ் பாக்கறதுக்கு ஆசைப்படுங்க, தப்பில்ல, ஆனா ஓபில கேள்வி கேக்கத் தெரியாதவங்க லேப்ல எத்தனை வருசம் நின்னாலும் டாக்டருக்கு உபயோகப்பட மாட்டாங்க.

ஒண்ணு தெளிவா இருக்கட்டும். நம்ம நாட்டுல இந்த படிப்பு 1992-ல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல இதய ஆபரேஷன் டீமை வெச்சு ஆரம்பிச்சது, 2021-ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துலயும் நம்ம பேரு இருக்குது. ஆனா அமெரிக்கால மாதிரி நாமளே மருந்து எழுதற வேலை இங்க கெடையாது, எல்லாம் டாக்டர் மேற்பார்வைதான். நர்சிங்ல நர்ஸ் பிராக்டிசனர் படிச்சவங்களும் இப்ப வர்றாங்க, அவங்களுக்கும் கீழ சொல்றதுல முக்கால்வாசி பொருந்தும்.

சரி, ஓபிக்கு வருவோம். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க"ன்னு ஒருத்தர் வந்து உக்காந்தா, அப்ப எடுக்கற ஈசிஜி பெரும்பாலும் நார்மலா இருக்கும், ஏன்னா கோளாறு எப்பவோ வந்துட்டு போயிருச்சு. அதனால வாயாலதான் புடிக்கணும். வெடுக்குன்னு ஆரம்பிக்குதா, மெதுவா ஏறுதா? நிக்கறப்ப டக்குன்னு நிக்குதா? கழுத்துல துடிக்கறது தெரியுதா? படபடப்பு நின்னதுக்கப்புறம் ஒண்ணுக்கு எச்சா போகுதா? கழுத்து துடிப்பும், நின்னப்புறம் ஒண்ணுக்கு வர்றதும் ஏவிஎன்ஆர்டி (ஏவி நோடுகிட்ட கரன்டு சுத்திச் சுத்தி ஓடறது) மாதிரி எஸ்விடிக்கு, அதாவது மேல்பக்கத்துல இருந்து வர்ற வேகத் துடிப்புக்கு, நல்ல துப்பு. இதைய பேஷன்ட்டா வந்து சொல்ல மாட்டாங்க, அதுவும் அம்மிச்சிமாரு சொல்லவே மாட்டாங்க, நாமதான் கூச்சப்படாம கேக்கணும். மயக்கம் போட்டு விழுந்தாங்களா, சொந்தத்துல சின்ன வயசுல திடீர்னு யாராச்சும் தவறிட்டாங்களான்னும் கண்டிப்பா கேளுங்க, இந்த ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னா அந்த ஃபைலை எடுத்துட்டு நேரா டாக்டர்கிட்ட போயிருங்க.

அடுத்தது படபடப்பு ஓடறப்ப எடுத்த ஈசிஜி. தாராபுரத்துலயோ கோபிலயோ ஒரு ஆஸ்பத்திரில ராத்திரி போயி ஊசி போட்டு சரியாயிருச்சுன்னு வருவாங்க, பேப்பர் எங்கன்னா அங்கயே இருக்குதும்பாங்க. விடாதீங்க, போன் பண்ணி வாட்சப்லயாச்சும் வாங்குங்க. அடினோசின் (படபடப்பை நிறுத்தற ஊசி) போடறப்ப ஈசிஜியை ஓட விட்டு எடுத்த நீளமான ஸ்ட்ரிப் இருந்துச்சுன்னா இன்னும் விசேசம். ரிதம் நின்ன எடத்துல கடைசியா ஒரு பி வேவ் (மேல்அறை துடிப்பு) வந்து அதுக்கு பின்னாடி க்யூஆர்எஸ் (கீழ்அறை துடிப்பு) இல்லாம நின்னிருந்தா ஏட்ரியல் டாக்கிகார்டியாவா (மேல்அறைலயே பொறக்கற வேகத் துடிப்பு) இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, பி வேவ் பாட்டுக்கு ஓடிட்டே இருந்து க்யூஆர்எஸ் மட்டும் விட்டு விட்டு வந்துச்சுன்னா மேல்அறைலதான் கோளாறு. ஈபி ஸ்டடில (இதயத்துக்குள்ள ஒயர் விட்டு கரன்டைப் பாக்கற டெஸ்ட்) தேடறதுல பாதி அந்த ஒரு முழம் பேப்பர்லயே இருக்கும். அதனால டிஸ்சார்ஜ் சீட்டுலயே தமிழ்ல எழுதிக் குடுங்க: அடுத்த தடவ வந்தா ஊசிக்கு முன்னாடி ஈசிஜி, ஊசி போடறப்ப ஓட விட்டு ஈசிஜி.

வீட்டுல என்ன பண்றதுன்னு கேப்பாங்க. பத்து எம்எல் சிரிஞ்சை கையில குடுத்து, பிஸ்டன் லேசா நகர்ற அளவுக்கு பதினஞ்சு செகண்ட் ஊதச் சொல்லுங்க, ஊதி முடிச்ச ஒடனே மல்லாக்க படுக்க வெச்சு ரெண்டு காலையும் கூட இருக்கறவங்க 45 டிகிரிக்கு தூக்கிப் புடிக்கணும், பதினஞ்சு செகண்ட். 2015-ல வந்த ரிவர்ட் ஆய்வுல இந்த மாதிரி பண்ணதுல 43 சதவீதம் பேருக்கு ரிதம் திரும்புச்சு, சும்மா உக்காந்துட்டே ஊதுனவங்களுக்கு 17தான். வாயால சொன்னா பத்தாது, ஓபிலயே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, கூட வந்த வூட்டுக்காரரை காலை தூக்கச் சொல்லுங்க.

மாத்திரை விசயத்துல "பிபி மாத்திரைங்க"ன்னு சொன்னா நம்பி எழுதாதீங்க, அட்டையை வாங்கிப் பாருங்க. அது மெட்டோப்ரோலாலா (துடிப்போட வேகத்தையும் கொறைக்கற மாத்திரை) இருக்கும், ஈபி ஸ்டடிக்கு சில நாள் முன்னாடியே டாக்டர் நிறுத்தச் சொல்லியிருப்பாரு, இல்லாட்டி லேப்ல என்ன பண்ணாலும் ரிதம் வரவே வராம போயிரலாம். ரத்தம் உறையாம இருக்கறதுக்கு குடுக்கற ஆசிட்ரோம், வார்ஃபரின் அப்படியில்ல, சொந்தமா நிறுத்திட்டு வர்றவங்கதான் ஆபத்து. பேஸ்மேக்கர் வைக்கறதுக்கு வார்ஃபரினை நிறுத்திட்டு ஹெப்பரின் ஊசி போடறதை விட வார்ஃபரினை தொடர்ந்தாலே தையல் போட்ட எடத்துல ரத்தம் கட்டறது கம்மின்னு 2013-லயே ப்ரூஸ் கன்ட்ரோல் ஆய்வுல வந்துருச்சு. நிறுத்தறதா வேண்டாமான்னு ஒவ்வொரு மாத்திரைக்கும் டாக்டர்கிட்ட கேட்டு, பேஷன்ட்டுக்கு தனித்தனியா எழுதிக் குடுங்க.

லேப்புக்குள்ள நின்னா என்ன பாக்கணும்? சாதா ஈசிஜி செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் வேகம், இங்க 100, அதனால எல்லாம் இழுத்து வெச்ச மாதிரி தெரியும், ஒரு வாரத்துல கண்ணு பழகிரும். டீஃபிப் பேட் (ஷாக் குடுக்கற பேட்) ஒட்டியாச்சா, மெசின் சார்ஜ் ஆகுதான்னு கேஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள பாத்துருங்க. ஏவிஎன்ஆர்டிக்கு ஸ்லோ பாத்வே (ஏவி நோடுக்கு போற மெதுவான பாதை) சுடறப்ப ஜங்ஷனல் பீட் (ஏவி நோடுகிட்ட இருந்து வர்ற துடிப்பு) வரும், அது நல்லதுதான், ஆனா ஒவ்வொரு வி-க்கு (கீழ்அறை சிக்னல்) பின்னாடியும் ஏ (மேல்அறை சிக்னல்) வருதான்னு கண்ணு எடுக்காம பாருங்க, ஒண்ணு விட்டுப்போனாலும் சத்தமா சொல்லுங்க, டாக்டருக்கும் தெரிஞ்சிருக்கும்னு சும்மா நிக்காதீங்க. அந்த நொடில எனர்ஜியை நிறுத்தாட்டி ஏவி பிளாக் (மேல்அறை கரன்டு கீழ்அறைக்கு போகாம நிக்கறது) ஆயி, வந்த மனுசன் பேஸ்மேக்கரோடதான் ஊருக்குப் போகணும். டிஎல்டி பேட்ஜை (எக்ஸ்ரே கதிர் நம்ம மேல எவ்வளவு பட்டுச்சுன்னு அளக்கறது) ஏப்ரனுக்கு உள்ள நெஞ்சுகிட்ட போடுங்க, ட்ராயர்ல வெச்சு பூட்டாதீங்க.

இனி டிவைஸ், அதாவது பேஸ்மேக்கரும் ஐசிடியும் (ஆபத்தான ரிதம் வந்தா உள்ள இருந்தே ஷாக் குடுக்கற மெசின்). எனக்கு புடிச்சதே இதுதான், ஏன்னா இங்கதான் நம்ம ஊரு தெரிஞ்சவங்க வேணும். வைக்கறதுக்கு முன்னாடியே எந்தக் கை வேலை செய்யற கை, என்ன பொழப்புன்னு கேளுங்க. பொள்ளாச்சில மரம் ஏறறவரு, பீளமேட்டுல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கறவரு, பவானில ஜமக்காளத் தறில உக்கார்றவரு, மூணு பேருக்கும் ஒரே அட்வைஸ் குடுத்தா எப்படி? மோட்டார் போடலாங்களான்னு தோட்டத்துக்காரங்க எல்லாரும் கேப்பாங்க. ஸ்டார்ட்டரை போட்டுட்டு ஓடற மோட்டார்கிட்ட இருந்து ரெண்டடி தள்ளி நிக்கட்டும், எர்த்திங் சரியா இருக்கட்டும். வெல்டிங்னா கம்பெனி கையேடுங்கள்ல பொதுவா 160 ஆம்பியருக்கு கீழன்னுதான் இருக்கும், ஆர்க்ல இருந்து ரெண்டடி, கேபிளை சுருட்டி தோள்ல போடக்கூடாது, எர்த் கிளாம்ப்பை வெல்ட் வைக்கற எடத்துக்கு பக்கத்துலயே மாட்டணும். ஐசிடி வெச்சவருன்னா டாக்டர் சொல்லாம பட்டறைக்கே போகக்கூடாது. செல்போன் 15 சென்டிமீட்டர் தள்ளி, சட்டைப் பையில வேண்டாம்.

கையை தோளுக்கு மேல தூக்காதீங்கன்னு நாலஞ்சு வாரத்துக்கு சொல்றோம் இல்லீங்களா, அதைக் கேட்டு பயந்துட்டு ஆறு மாசம் கையை நெஞ்சோட கட்டிட்டே இருந்து தோள் எறுகிப் போயி வர்றவங்களும் உண்டு. அதனால எது பண்ணக்கூடாதுன்னு சொல்றதோட எது பண்ணலாம்னும் சொல்லுங்க: சோறு உங்கலாம், தலை சீவறதுக்கு அந்தக் கை வேண்டாம், முழங்கையை தாராளமா மடக்கலாம்.

டிவைஸ் கார்டை ஆதார் கார்டோட வெச்சுக்கச் சொல்லுங்க. மெட்ரானிக் கம்பெனி மெசின்ல அபாட் கம்பெனி டிவைஸை படிக்க முடியாது, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த கம்பெனின்னு தெரியாம தேடறது பெரிய ரோதனை. கார்டு இல்லாட்டி காந்தத்தை வெச்சுப் பாருங்க, பேஸ்மேக்கர்னா குறிப்பிட்ட வேகத்துல பேஸ் பண்ணும், பேட்டரி நல்லா இருந்தா மெட்ரானிக் நிமிசத்துக்கு 85, பாஸ்டன் கம்பெனி 100, ஓரளவுக்கு துப்பு கெடைக்கும். ஐசிடிக்கு காந்தம் வெச்சா ஷாக் நிக்கும், பேஸிங் மாறாது, இந்த ரெண்டையும் ராத்திரி டூட்டி சிஸ்டர்களுக்கும் சொல்லிக் குடுங்க.

வீட்டுக்கு அனுப்பறப்ப அப்லேஷன் பேஷன்ட்டோட தொடையிடுக்கை துணி விலக்கி நீங்களே தொட்டுப் பாருங்க, கட்டு மேல பாத்து நல்லா இருக்குதுன்னு எழுதாதீங்க. ஏஎஃப் (மேல்அறை தாறுமாறா துடிக்கறது) அப்லேஷன் பண்ணவங்களுக்கு அடுத்த ரெண்டு மாசத்துல காய்ச்சல், முழுங்கறப்ப வலி, கை கால் வெலவெலப்பு எது வந்தாலும் உள்ளூர்ல எண்டாஸ்கோபி பண்ணிக்காம நேரா இங்க வரணும்னு கொட்டை எழுத்துல எழுதுங்க. உணவுக்குழாய்ல ஓட்டை விழறது அபூர்வம், விழுந்திருக்கறப்ப எண்டாஸ்கோபி பண்ணா உயிருக்கே ஆபத்து, சிடி ஸ்கேன்தான் எடுக்கணும்.

ஐசிடிக்கு கணக்கு இது: ஒரு ஷாக் வந்து ஆளு நல்லா இருந்தா போன் பண்ணிட்டு வரட்டும், ஒரே நாள்ல ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தா, இல்ல ஒரு ஷாக்கே வந்து மயக்கமா இருந்தா, ஒடனே 108. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டறவங்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க வந்தாங்கன்னா, ஐசிடி வெச்சவங்க கனரக வண்டி ஓட்டக்கூடாதுன்னுதான் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லுதுங்கறதை கன்சென்ட் வாங்கறதுக்கு முன்னாடியே டாக்டரை விட்டு பேச வைங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு சொன்னா, அந்த மனுசன் லோன்ல எடுத்த வண்டியை நெனைச்சு ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்துருவாரு, நம்ம சொன்ன மத்தது ஒண்ணும் காதுல ஏறாது.