வீடு ஏலத்துக்குப் போகாமல் இருக்க, நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்பிடித் தொழில் படுத்துவிட்டால் பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் முதலில் நின்றுபோவது வீட்டுக்கடன் தவணைதான். "அரசாங்கம் ஏதாவது செய்யும்" என்று அப்போது காத்திருக்கிறோம். 2020-இல் செய்தது. ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மாட்டியவர்களும் உண்டு.

கொரோனா நேரத்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அது தள்ளுபடி அல்ல. 10 லட்சம் பாக்கி, 8 சதவீத வட்டி என்றால் அந்த ஆறு மாதத்தில் ஏறியது சுமார் 40,000 ரூபாய். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது வட்டிக்கு வட்டியை மட்டுமே. கட்ட முடிந்தவர்கள் அத்தகைய சலுகையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, நம் கரைக்கே உரிய தவறு. தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். பிறகு, அடமான வீட்டை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ் வரும், பாக்கியைக் கட்டக் கெடு 60 நாள். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரல் 15 தேதியிட்ட நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டு "படகு கடலுக்குப் போனதும் கட்டிக்கலாம்" என்று இருந்தால், முதல் மீன்பாடு கரைக்கு வருவதற்குள் கெடு முடிந்திருக்கும். கெடு ஓடுவது நோட்டீஸில் போட்ட தேதியிலிருந்து, நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல.

தபால்காரரிடம் பதிவுத் தபாலை வாங்க மறுப்பதும் பயன்படாது. கதவில் ஒட்டி, பேப்பரில் போட்டுவிடுவார்கள். வாங்கி, அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தடைக்காலம், வருமானம் வரும் மாதங்கள், எவ்வளவு கட்ட முடியும், கடன் காலத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

தவணை கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்குவது வீட்டோடு நகையையும் கொண்டுபோகும். தயவுசெய்து வேண்டாம்.

வங்கி வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்துவிட்டால், ராமநாதபுரம் சிவில் கோர்ட்டுக்கு ஓடி நாளைக் கழிக்காதீர்கள். சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. போக வேண்டியது மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, 45 நாளுக்குள். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்பதானால், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டிவிட வேண்டும். எந்த மனு கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.