இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டவரிடம் பேசுவது எப்படி?

இரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டவர், பிறகு மெல்ல நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையை, வளர்ந்த நாடுகளில்கூட, ஏறத்தாழப் பாதிப்பேர்தான் முறையாகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இதை மறதி என்றோ அலட்சியம் என்றோ சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உடல்நல உளவியல், நிறுத்தியவருக்கு அவரளவில் ஒரு நியாயம் இருக்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நியாயத்தைக் கேட்டறியாமல் சொல்லும் அறிவுரை நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் வேலை கேட்பது. “ஏன்ப்பா மாத்திரை போடல?” என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும்; “மறந்துட்டேன்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “இந்த பிரஷர் எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்கப்பா? மாத்திரை போட்டா உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, இடையில் திருத்தாமல் காத்திருங்கள். நோயாளி ஒவ்வொருவரும் தன் நோயைப் பற்றி மனத்தில் ஒரு சித்திரம் வைத்திருக்கிறார் என்றும், அதற்கேற்பவே நடந்துகொள்கிறார் என்றும் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தால் விளக்கினார். இந்த நோயின் அடையாளம், அதாவது அறிகுறி, என்ன, எதனால் வந்தது, எவ்வளவு நாள் இருக்கும், என்ன செய்யும், கட்டுக்குள் வருமா என்ற ஐந்து கேள்விகளுக்கு அவர் வைத்திருக்கும் விடைகளே அந்தச் சித்திரம்.

இரத்த அழுத்தத்தில் பெரும்பாலும் சிக்கல் தருவது முதல் கேள்விதான். “தலை கிறுகிறுன்னு வந்தா போட்டுக்குவேன், இல்லேன்னா எதுக்கு?” என்பார் அப்பா. அழுத்தம் ஏறுவதை மனிதர்களால் உணர முடியாது என்று பொதுவாக ஒப்புக்கொண்ட நோயாளிகளிலேயே பெரும்பாலோர், தங்கள் அழுத்தம் ஏறுவது மட்டும் தங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நம்பியதை லெவந்தாலின் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்த நம்பிக்கையை வாதத்தால் அசைப்பது கடினம், கருவியால் அசைக்கலாம். மேற்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கி, காபியோ புகையோ இல்லாமல் அரை மணி நேரம் கழிந்தபின், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன், “இப்ப எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டு அவர் சொல்வதையும், கருவி காட்டுவதையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். சில வாரங்களில் அந்தப் பக்கத்தை அவரே பார்த்து, தன் உணர்வும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று முடிவுசெய்யட்டும்.

அடுத்து, மாத்திரையின் மேல் உள்ள பயம். இந்த மாத்திரை தேவைதான் என்ற எண்ணமும், இதனால் கெடுதல் வருமோ என்ற கவலையும் தராசின் இரு தட்டுகள்போல மனத்தில் இருக்கின்றன. கவலையின் தட்டு தாழும்போது மாத்திரை நிற்கிறது. எல்லாக் கவலையும் வீணானதல்ல. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனலாப்ரில் வகையால் வறட்டு இருமல் வரலாம். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையைப் பேருந்துப் பயணத்தன்று ஒருவர் தவிர்த்தால் அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. இவற்றுக்கெல்லாம் மருத்துவரிடம் மாற்று வழி உண்டு. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் வேகமாக ஏறும் என்பதால், நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

“பக்கவாதம் வந்து படுத்துடுவீங்க” என்று பயமுறுத்துவதால் மட்டும் பயனில்லை. 1965இல் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், டெட்டனஸைப் பற்றிய பயம் மாணவர்களின் எண்ணத்தை மாற்றியது. ஆனால் அவர்களைத் தடுப்பூசி போடப் போகவைத்தது வேறொன்று. மருத்துவ நிலையம் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தைக் கொடுத்து, எப்போது போகலாம் என்று யோசிக்கச் சொன்னவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் போனார்கள். அது இல்லாதவர்களில் 3 விழுக்காட்டினரே போனார்கள். வரைபடம் பெற்றவர்களுக்கும் அந்த இடம் முன்பே தெரிந்ததுதான்.

ஆகவே “தினமும் போடுறேன்” என்ற வாக்குறுதியை விட, “காலையில் பல் துலக்கி முடித்ததும், சமையலறை அலமாரியில் இருக்கும் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவேன்” என்று அவர் வாயால் வரும் திட்டம் பலமானது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு மாத்திரையைக் கோக்க வேண்டும். நேரம் மட்டும் மருத்துவர் சொன்னதற்குப் பொருந்த வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகப் போடக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் மாத்திரை நின்றால், காரணம் மனத்துக்கு வெளியே இருக்கலாம். நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஏங்கல் 1977இல் எழுதியது இதற்காகத்தான். மாத்திரை வாங்கப் பணமோ, போய்வர ஆளோ இல்லாத வீட்டில் மனத்தை ஆராய்ந்து என்ன பயன்? தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எதிலும் நாட்டமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் குறைந்து இருக்கிறார் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்களில் பெரியவர்கள் பெரும்பாலும் “ஒழுங்காப் போடுறேன் டாக்டர்” என்றே சொல்வார்கள். அதை நம்பி மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிடவும் கூடும். எனவே அழுத்தத்தின் அளவு எழுதிய நோட்டையும், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் போடவில்லை, எதற்காகப் போடவில்லை என்பதை முந்தின நாளே அவருடன் சேர்ந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவர் சம்மதத்தோடு, அந்தத் தாளையே முதலில் மருத்துவரிடம் கொடுங்கள்.